கணக்கில் ஓடும் லிப்ட்

லண்டன்
24.10.1993

அன்பு மகள் சந்திரவதனாவுக்கு,

கன்பராவில் நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு, "உள்ளதை எழுதுங்கோ, அவள் என்ன சின்னப்பிள்ளையே" என்கிறாள். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். லிப்ட் இன்னும் ஓடவில்லை.

ஜூலையில் அம்மா இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் இருந்த கிழமைதான் அது நின்றது. அம்புலன்ஸ்காரர் இருவர் அவளைக் கதிரையில் இருத்தி ஒன்பதாம் மாடிவரை தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். அன்று மேலே வந்தவள் இன்னும் கீழே இறங்கி நிலத்தில் கால் வைக்கவில்லை. நடந்தால்தான் இடுப்பு இறுகாது, பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். எப்படி வருவது? குசினிக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்து பார்த்தாள். இந்த மாதம் அதுவும் குறைந்துவிட்டது.

இந்த மாடிவீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் கவுன்சிலின் கந்தோருக்குப் போன் எடுத்தால் ஒரு பெண்பிள்ளை மிகவும் மரியாதையாகப் பேசுகிறது. அந்த லிப்ட் ஆகஸ்டிலேயே திருத்தப்பட்டுவிட்டதாம், கம்பனிக்குக் காசும் கொடுத்தாயிற்றாம். ஓடவில்லையே பிள்ளை என்றேன். எங்கள் கணக்கில் ஓடுகிறது சேர் என்றது. அந்தப் பிள்ளையோடு கோபித்து என்ன பயன்? அதற்கு எழுதிக் கொடுத்ததை அது வாசிக்கிறது.

முப்பத்தைந்து வருடம் படிப்பித்தவன் நான். வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் என்று ஒரு மாணவன் சொன்னால் கொப்பியைத் திற என்போம். சொன்ன சொல்லுக்கே புள்ளி போடும் ஆசிரியரை எந்த அதிபர் வைத்திருப்பார்? கொப்பியைத் திறந்து பார்க்கத்தான் இங்கே கவுன்சிலர் என்று ஒருவரைத் தெரிவு செய்கிறோம். எங்கள் கவுன்சிலர் பீற்றர், வீடுகளைத் திருத்தும் செலவைப் பார்க்கிற குழுவிலேயே இருக்கிறார். நல்ல மனிதர். எங்கள் ஆட்களின் எந்த விழாவுக்குக் கூப்பிட்டாலும் வருவார். அதுதான் பிரச்சினை. நாங்கள் அவரை விழாவுக்கு மட்டும்தான் கூப்பிடுகிறோம்.

போன கடிதத்தில் நீ வேலை செய்யும் செனட்டர் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். வயோதிபர் விடுதி ஒன்றில் சுடுதண்ணீர் வராததற்கு அதிகாரியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அதிகாரி சுற்றி வளைத்துப் பேசி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாராம். அதை வாசித்தபோது என் வகுப்பறை ஞாபகம் வந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மௌனம் தாங்காமல்தான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும். அம்மாவுக்கும் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

நேற்றுத் தமிழ்ப் பள்ளிக்கூட வாணி விழா. பீற்றர்தான் பிரதம விருந்தினர். பொன்னாடை போர்த்தி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசும் வேலை எனக்கு. சங்கத் தலைவர் பாலேந்திரா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்ரர், லிப்ட் கதை இண்டைக்கு வேண்டாம். இந்த மண்டபத்தை அந்தாள்தான் எடுத்துத் தந்தது. பிள்ளையளைக் கொண்டுபோய் நான் றோட்டிலயே இருத்திறது?" என்றார். நான் பொன்னாடையை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினேன்.

பொன்னாடையைப் போர்த்தினேன். நன்றி சொன்னேன். பிறகு, ஐயா, எங்கள் கட்டடத்து லிப்டுக்குக் காசு கொடுக்க முன் அது ஓடுகிறதா என்று உங்கள் குழுவில் யார் போய்ப் பார்த்தது என்று கேட்டுவிட்டு, உன் செனட்டர் அம்மாவைப் போல மௌனமாக நின்றேன்.

மகள், நான் பேசி முடித்துவிட்டேன் என்று நினைத்துச் சபை கை தட்டியது. ஆங்கிலத்தை யார் கவனித்தார்கள்? பாலேந்திரா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். திரைக்குப் பின்னால் யாரோ நாதஸ்வரக் கசற்றைப் போட்டுவிட்டார்கள். பீற்றர் எழுந்து, பொன்னாடையோடு கும்பிட்டு, வடை மிகவும் நன்றாக இருந்தது என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சொன்னேன். கன நாளைக்குப் பிறகு சிரித்தாள். "பொன்னாடையைப் போத்திப்போட்டு ஆரும் கேள்வி கேக்கிறதே? மேடையில இருக்கிற மனுசனுக்கு லிப்ட் தெரியுமே? சாப்பிடக் கூப்பிடுங்கோ" என்றாள்.

கூப்பிடப் போகிறேன். குழந்தையை வெயிலில் கொண்டு திரியாதே.

என்றும் அன்புள்ள அப்பா,
சி. தில்லையம்பலம்


லண்டன்
9.11.1993

அன்பு மகள்,

உன் போனுக்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். போன ஞாயிறு பீற்றர் வந்தார். பாலேந்திராதான் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிக்கொண்டு வந்தபடியால், கீழே போய்க் காத்திருந்த என்னோடு அவரும் ஏற வேண்டியதாகிவிட்டது. ஐந்தாம் மாடியில் இருவரும் படியிலேயே குந்திவிட்டார்கள். பாலேந்திரா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "என்ன மாஸ்ரர், இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். ஜூலையிலிருந்து அவரைக் காணும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லப் போனால் ஆறாம் மாடிக்கு ஏற எனக்கும் மூச்சு இருந்திருக்காது.

அம்மா நல்ல சேலை உடுத்தி, ஊன்றுகோலைப் பிடித்தபடி கதவடியில் நின்றாள். முதலில் தண்ணீர் கொடுத்தாள். மேசையில் இறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சொதி எல்லாம் ஆவி பறக்க இருந்தன. பீற்றர் சாப்பாட்டுக் கோப்பையைக் கிட்ட இழுத்தார். அம்மா அகப்பையைக் கையில் எடுத்தாள், ஆனால் பரிமாறவில்லை. தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், நீங்கள் ஒரு தரம் ஏறி வந்தீர்கள், நான் ஒரு தரமும் இறங்கவில்லை, ஏன் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அகப்பையோடு அப்படியே நின்றாள்.

அவர் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். அரசாங்கம் வெட்டிய காசைப் பற்றிச் சொன்னார். கம்பனிகளைப் பற்றிச் சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏன்?" என்றாள். பாலேந்திரா கூரையைப் பார்த்தார். கறி ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்த மனிதர் உள்ளதைச் சொன்னார். லிப்ட் திருத்தியாயிற்று என்று அதிகாரி குழுவில் சொன்னாராம். காசு கொடுக்கலாமா என்று கேட்டபோது இவரும் கையை உயர்த்தினாராம். நான் வந்து பார்க்கவில்லை அம்மா, பார்த்திருக்க வேண்டும் என்றார். அதன் பிறகுதான் அம்மா சோற்றைப் போட்டாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். இறங்கும்போது பாலேந்திராவின் கையிலும் ஒரு பார்சல் இருந்தது.

அதோடு எல்லாம் சரி என்று நினைத்துவிடாதே. மறுநாளே ஒருவர் வந்தார். லிப்ட் கதவைத் திறந்தார், பார்த்தார், மூடினார். கதவில் இருந்த, மன்னிக்கவும் லிப்ட் ஓடாது என்ற பழைய கடதாசியைக் கழற்றிவிட்டு, அதைவிட வடிவான புதிய கடதாசி ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன் குழு கூடுகிறது. அந்த அதிகாரியும் வருவாராம். எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன் என்று பீற்றர் சொல்லியிருக்கிறார். பொதுமக்கள் பின்வரிசைகளில் இருந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. நான் போய் அவற்றில் முன்னுக்கு, பீற்றரின் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பேன். பாலேந்திராவும் வருகிறாராம். தயவுசெய்து கை தட்டவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவி. கவனத்தில் எடுக்கிறோம் என்று அதிகாரி சொன்னால் அதற்கு அடுத்த கேள்வி என்ன? உன் செனட்டர் அம்மாவிடம் கேட்டு உடனே போனில் சொல். பீற்றருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர் கேள்வி கேட்டுப் பழகாதவர். நாங்களும் அவரிடம் கேட்டுப் பழகாதவர்கள்.

மார்கழியில் குழந்தையோடு வருவதாகச் சொன்ன நாளிலிருந்து அம்மா திரும்பவும் யன்னல்வரை நடக்கிறாள். தன் சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மூவரும் சுகமாக வந்து சேருங்கள். இந்தக் கட்டடத்துக்கு வந்ததும் கீழே மணியை அடித்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வரவேண்டாம்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா