நீ ஆற்றில் விட்ட தோமான்

போன மாதம் ஒரு சனிக்கிழமை உன் கணவர் என்னைச் செந்தூல் வீட்டுக்கு வரச் சொன்னார். காலியாகக் கிடக்கும் மீன் தொட்டியை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். மூடியைத் திறந்ததும் காய்ந்த பாசி வாடை. நீ இறந்து எட்டு மாதமாகியும் அது போகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாரோ என்னவோ, அவர் பேச ஆரம்பித்தார்.

"அந்தத் தோமான் ரொம்பப் பெருசா வளந்துருச்சு. கொல்ல மனசு வரல அவளுக்கு. ஐஸ் பெட்டில வச்சி, நீங்க மீன் குஞ்சு விட்ட ஆத்துலதான் கொண்டு போயி விட்டா. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னா லா."

தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த மீனை வளர்ப்பு மீன் கடையில் கொடுத்துவிட்டதாக அல்லவா நீ என்னிடம் சொன்னாய்? விரால் இனத்திலேயே பெரிது தோமான். கண்ணில் பட்ட மீனையெல்லாம் விழுங்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான்.

உலு லங்காட்டில், தடுப்பணைக்கு மேலே இருக்கும் மடுவில் அருகிவரும் ஆற்று மீனான கெலாவின் குஞ்சுகளை விடலாம் என்றபோது நம் தூண்டில் குழுவில் முதலில் கை தூக்கியவளும் நீ. தூண்டில்காரர்கள் அத்தனை பேரில் பெண்கள் நாம் இருவர் மட்டும். குஞ்சுகள் இருந்த பைகளை அவிழ்க்காமல் தண்ணீரில் மிதக்க விட்டு, உள்ளே இருந்த சூடு ஆற்றுக் குளிர்ச்சிக்கு இறங்கும்வரை காத்திருந்தோம். "அவசரப்படாதடி, அதுங்களுக்கு இது புது வீடு" என்றாய். அங்கே மீன் பிடிக்கக் கூடாது என்று பலகை நட்டோம். முறை போட்டுக் காவல் இருந்தோம். ஞாயிறு பூசை முடிந்ததும் நீயும் நானும் நேரே அங்கேதான். நீ ரொட்டியைப் பிய்த்துப் போடுவாய். மேலே வரும் குஞ்சுகளை நான் எண்ணி எழுதுவேன்.

மறு ஆண்டு குஞ்சுகள் குறைந்தன. ரொட்டி அப்படியே மிதந்து போயிற்று. யாரோ வலை போடுகிறார்கள் என்று நான்தான் சொன்னேன். ஆற்றோரச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த முருகேசன் மேல் எல்லாருக்கும் சந்தேகம். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், மத்தியானம் அந்த மடுவில்தான் குளிப்பார். அவர் அறைக்குப் பின்னால் பழைய வலை ஒன்று கிடந்தது, அது போதுமாக இருந்தது எங்களுக்கு. கடைப் பந்தலில் அவரை நிறுத்தி, முதலாளி முன்னால் நான் சத்தம் போட்டேன். நீ என் பக்கத்தில் நின்றாய், வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது காரில், "பாவம்டி அந்த ஆளு" என்றாய். உனக்கு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதமே பெர்மிட்டை ரத்து செய்து அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன் கணவர் சொன்னதைக் கேட்ட பிறகு, அந்தக் கடை முதலாளியிடம் முருகேசனின் நம்பர் வாங்கி அழைத்தேன். நான் யார் என்று சொன்னேன். தோமான் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்க்கா. அவங்க பெட்டியோட எறங்கி வந்தப்ப நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன். தனியாத் தூக்க முடியலன்னு நான்தான் ஒரு கை பிடிச்சேன்."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவங்க அங்கேயேதானே நின்னாங்க. அவங்களே சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

நீ இறந்துவிட்டதைச் சொன்னேன். என்ன நோய், ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா என்று விசாரித்தார். திரும்ப வேலைக்கு வர முடியுமா என்றதற்கு, வேண்டாம் அக்கா என்றார்.

அடுத்த ஞாயிறு குழுவில் உன் பெயரைச் சொல்லியே எல்லாவற்றையும் சொன்னேன். செத்தவளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இரண்டு வாரம் பாடுபட்டுத் தோமானைப் பிடித்தார்கள்.

என்னிடம் நீ சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு நானே வலையோடு வந்திருப்பேன். நீயோ என் வாயாலேயே அந்த மனிதரை அடிக்க விட்டாய்.

நாற்பது வருஷம் உன்னோடு சிரித்ததெல்லாம் எங்கேயோ இருக்கிறது, தேடினால்தான் வருகிறது. தேடாமல் வருவது ஒன்றுதான். அன்று பந்தலில் முருகேசன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "திருட்டு முழியப் பாரு" என்று உன் காதில் சொன்னேன். நீ தலையாட்டினாய்.