ஐந்தடித் தொட்டியில் யாரோடு யார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் முனகுகிறது. நீ சுகம் என்று போனில் சொல்கிறாய், போனில் எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள், அதனால் நேரம் கிடைக்கும்போது நாலு வரி எழுது. வழக்கமாக அம்மா எழுதுவாள், நான் அடியில் கையெழுத்துப் போடுவேன். இந்த முறை முழுவதும் நானே எழுதுகிறேன், பயந்துவிடாதே, கெட்ட சேதி எதுவும் இல்லை. மீன் விஷயம்தான், ஆனால் மீனோடு நிற்காது.

அம்மா வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி சின்ன இடத்துக்கு மாறியது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் இருந்த ஐந்தடிக் கண்ணாடித் தொட்டிக்கு அங்கே இடமில்லை என்று டாக்டரம்மா அதை நம் தலையில் கட்டிவிட்டார். நாலு பேர் தூக்கி வந்து உன் மேஜை இருந்த சுவரோரம் வைத்தோம். முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான், லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குத்தான் கணக்கு, யாரோடு யார் ஏறுவது என்று எவரும் கேட்பதில்லை. அதே புத்தியோடு மீன் கடைக்குப் போய்க் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததையெல்லாம் காட்டினேன். தங்க மீன் ஆறு, நல்ல வளர்ந்த ஏஞ்சல் நாலு, கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் எட்டு, ஊசி நீளத்துக்கு மின்னும் நியான் டெட்ரா ஒரு டஜன். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்" என்றார். எத்தனை நாள் இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தினம் காலையில் நியான் ஒன்றிரண்டு குறைந்தது. ஃபில்டர்தான் இழுத்துக்கொள்கிறது என்று அதை இரண்டு தடவை கழற்றிப் பூட்டினேன். ஏஞ்சல்களின் நீளத் துடுப்பை டைகர்கள் கடித்துக் கடித்துக் கிழிந்த துணி மாதிரி ஆக்கிவிட்டன. தங்க மீன்கள் வெந்நீரில் உட்கார்ந்த கிழவர்கள் போலச் சோர்ந்து கிடந்தன. இரண்டு செத்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் ஏதேதோ எழுதிக்கொண்டு வர ஆரம்பித்தாள். தங்க மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஏஞ்சலுக்கு வெதுவெதுப்பு வேண்டும், இரண்டும் ஒரே தொட்டியில் ஆகாது. ஒரு மீன் இன்னொன்றின் வாய்க்குள் நுழையும் அளவில் இருந்தால் அது கூட்டாளி இல்லை, சாப்பாடு. கூட்டமாக வாழ்கிற மீனைக் கூட்டமாகத்தான் விட வேண்டும், ஒன்றிரண்டாக விட்டால் பயத்திலேயே செத்துவிடும். "எங்கே படிச்சே" என்று கேட்டேன், "படிச்சேன்" என்றாள், அவ்வளவுதான்.

சீட்டில் இருந்தபடியே செய்தேன். தங்க மீனையும் டைகரையும் கடையில் திருப்பிக் கொடுத்தேன், ஏஞ்சலில் ஒத்துப்போன ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டேன். நியானைவிடப் பெரிதாக வளரும் கறுப்பு டெட்ரா பத்து, மேல்தண்ணீரில் நிதானமாக உலாவும் முத்து கௌராமி மூன்று, தரையைத் துழாவிக்கொண்டே திரியும் குட்டிக் கெளுத்தி ஆறு, இவ்வளவுதான் புதிதாக வாங்கியது. ஜோடி ஏஞ்சலை முதலில் எடுத்துப் பெரிய டப்பில் விட்டு, சாதுவானவற்றைத் தொட்டியில் குடிவைத்து, கல்லையும் செடியையும் இடம் மாற்றிய பிறகே அவற்றைத் திரும்ப விட வேண்டும், இல்லாவிட்டால் வீடு முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும் என்று ஒரு சீட்டு. எல்லாம் அடங்கி ஒடுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டார், கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் பதில் சொன்னேன்.

அடுத்த வாரம் அவசரத்தில் அம்மா ஒரு சீட்டைத் தன் கையால் திருப்பி எழுத மறந்து அப்படியே மேஜையில் வைத்துவிட்டாள். ழகரத்துக்கு அவ்வளவு நீள வால் போடுகிற கை உலகத்தில் ஒன்றுதான். ஆறு வருடத்துக்கு முன் உன் வெளிநாட்டு வேலை விண்ணப்பத்தில் பார்த்த அதே கை. உன் மாமா, சின்ன வயதிலிருந்தே மீன் வளர்க்கிறவன். என்னைக் கேட்காமல் அதைப் பூர்த்தி செய்து அனுப்பியதற்காக "எம்பொண்ணை அனுப்ப நீ யாருடா, இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே" என்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும், நீயும் அங்கேதான் நின்றாய். அம்மாவிடம் கத்தினேன். அவள் நிதானமாக, "நீங்க கோவிச்சுக்கிட்டா ஒரு வாரத்துல சரியாயிடும், செத்த மீன் எழுந்திருக்குமா" என்றாள். அதோடு சீட்டு வருவது நின்றது.

நாலாம் நாள் ஏஞ்சல் இரண்டும் பேய் பிடித்த மாதிரி ஆயின. மற்ற மீன் எல்லாவற்றையும் விரட்டி ஒரு மூலையில் ஒடுக்கிவிட்டன, ஒரு கௌராமிக்கு வால் கிழிந்து தொங்கியது. அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நேரே உன் மாமா வேலை பார்க்கும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளை மேலங்கியில் அவன். காதோரம் நன்றாக நரைத்திருக்கிறான், இது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், மற்றவர்களைக் கேட்கிற மாதிரியே "சாம்பிள் எங்கேருந்து" என்று கேட்டான். "வீட்டுலேருந்து" என்றேன். உட்காரச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் முறையாகச் சோதித்துவிட்டு வெளியே வந்தான். "தண்ணி நல்லாத்தான் இருக்கு அத்தான், என்ன நடக்குதுன்னு சொல்லுங்க" என்றான். சொன்னேன். ஏதாவது இலையில் வெள்ளையாக, ரவை மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று கேட்டான். இருந்தது, அழுக்கு என்று நினைத்திருந்தேன். "முட்டை போட்டிருக்கு. அது கோவம் இல்ல அத்தான், பயம். யாரு பக்கத்துல வந்தாலும் புள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம்" என்றான். மீனைப் பற்றித்தான் சொன்னான். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன், வேறு அர்த்தம் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அந்த வரிசையில் நின்றவர்கள் தண்ணீரில் ஏதோ விஷம் இருப்பதாக நினைத்திருப்பார்கள்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறியா" என்று கேட்டேன். வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான், "வாடா உள்ளே" என்று நான் சொன்ன பிறகுதான் வந்தான். இரண்டு பேரும் தோள்வரை கையை நனைத்துக்கொண்டு தொட்டிக்கு நடுவே ஓட்டை போட்ட தடுப்பு ஒன்றை நிறுத்தி, ஜோடியை ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமுமாகப் பிரித்தோம். "உன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். "நானும் உங்களைக் கேட்டிருக்கணும்" என்றான். அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

குஞ்சு பொரிக்கவில்லை. மூன்றாம் நாள் பெற்றவையே முட்டைகளைத் தின்றுவிட்டன. முதல் முறை பெரும்பாலும் அப்படித்தான் ஆகும் என்று மாமா முன்பே சொல்லியிருந்தான், இருந்தாலும் அம்மாவுக்கு ஆறவில்லை. தடுப்பை எடுத்துவிட்டோம், இப்போது சண்டை இல்லை. அடுத்த முறை முட்டை வந்தால் இலையோடு தனித் தொட்டிக்கு மாற்றிவிடலாம் என்கிறான், பார்ப்போம்.

மாமாவோடு நீ பேசிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று தெரியும். இனி எனக்காக மறைக்க வேண்டாம். உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேரில் சொல்ல எனக்கு வராது. நீ போனது சரி. அன்றைக்கே அது எனக்குத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைவலி என்றால் மாத்திரையை மட்டும் முழுங்கிவிட்டு உட்காராதே, கண் டாக்டரைப் பார். நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நீ நிறைந்து வாழ வேண்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். ஒன்றை மறந்துவிடாதே. யாராவது கேட்டால் மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், என்ன வேலை என்று ஆறு வருடத்தில் உன்னை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. காலையில் போய் எந்த அறையில் உட்காருகிறாய், பக்கத்தில் யார், கையில் என்ன செய்கிறாய், எல்லாம் விவரமாக எழுது. புரியாவிட்டால் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா