வெட்டாமல் விட்ட ஓரம்

என் பாசத்துக்குரிய இராசு மச்சான்,

நீ கண்ணை மூடி ஒரு வருசம் முடிகிறது. கொட்டாஞ்சேனையில் நம்முடைய ஸ்டூடியோ இன்னும் திறந்துதான் இருக்கிறது. யுத்தத்தால் படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டுக் கிடைப்பது பெரும்பாடு. யப்பான்காரனின் குண்டுக்குப் பயந்து ஊருக்குப் போன சனத்தில் பாதிதான் திரும்பியிருக்கிறது. தங்கச்சி பவளமும் பிள்ளையும் வெள்ளவத்தையில் எங்களோடுதான். உன் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். தண்டவாளத்தில் கோச்சிச் சத்தம் கேட்டால் யன்னலுக்கு ஓடுகிறாள்.

இதை உனக்கு மட்டும் எழுதிக் கிழித்துப் போட்டிருக்கலாம். பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. நான் உன்னைச் சொன்ன சொல்லை அன்று கடையில் நாலு பேர் கேட்டார்கள். திருத்தத்தையும் அவர்கள் கேட்கவேண்டும்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் நீ வெளியே வர எத்தனை நேரம்! கமராவை அரை அடி தள்ளி, பிறகு கால் அடி இழுத்து, எல்லாம் சரியாக வந்த பிறகுதான் எடுப்பாய். எடுத்ததில் ஒரு நூலளவும் வெட்ட விடமாட்டாய். எனக்கோ படம் பிறப்பது இருட்டறையில். வேண்டாத சுவர், வேண்டாத கதிரை எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன்.

"எடுக்கேக்க யோசிக்காதவன்தான் பிறகு வெட்டுவான்" என்பாய்.

"பிறகு யோசிக்கக் கூடாதெண்டு சட்டமோ?" என்பேன்.

சிரித்துக்கொண்டுதான் சண்டை பிடித்தோம், கிராண்ட்பாஸ் தெருவிலிருந்து அந்த அம்மா வரும்வரை.

துறைமுகத்தில் வேலை செய்த மகன் செத்து எட்டாம் நாள் வந்தவ. நாம் முன்பு எடுத்த குடும்பப் படத்தில் அவன் ஓரத்தில் நின்றான். "அவன்ட முகம் மட்டும் பெரிசா வேணும் ஐயா" என்றா. நீ மறுத்தாய். "பிள்ளையின்ர கை உங்கட தோளில கிடக்குது. கையை விட்டிட்டு முகத்தை மட்டும் கொண்டுபோறதோ?" என்று கேட்டாய். நீ புறக்கோட்டைக்குப் போன நேரம் பார்த்து நான் வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்த நீ, தாயின் தோளோடு கூடைக்குள் கிடந்த துண்டைக் கண்டாய். "என்னைக் கேளாமல் வெட்டினியோ?" என்றாய்.

அப்போதுதான் அந்தச் சொல் என் வாயில் வந்தது. "நீ வெட்டுறேல்லையோ? உன்ர கலியாணப் படத்தில என்ர அம்மா எங்கை? கைம்பெண் எண்டு வெளியில நிப்பாட்டிப்போட்டுத்தானே கமராவை வைச்சனீ? நான் கத்திரியால வெட்டுறன். நீ கண்ணால வெட்டுறாய்."

கடையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீ குடையை எடுத்துக்கொண்டு போனாய். அடுத்த கிழமை காய்ச்சல். ரோசத்தில் இரண்டு நாள் நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது உனக்கு ஆளே தெரியவில்லை.

ஏன் மச்சான் மறுத்துப் பேசவில்லை?

போன மாதம் என் அம்மா உன் மகளுக்கு அந்தக் கலியாணப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தா. "இது அப்பா, இது அம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தவ, இடது ஓரத்தில் தெரிந்த விரலளவு வெள்ளைச் சேலையைத் தொட்டு, "இது நான்" என்றா. அச்செடுக்கும்போது நான் வெட்டப்போன ஓரம் அது. நீ என் கையைப் பிடித்துத் தடுத்தாய். உன் வழக்கமான பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். "தம்பி மூண்டு தரம் வந்து கூப்பிட்டவர், 'மாமி, நடுவில வந்து இருங்கோ' எண்டு. நல்ல காரியத்தில முன்னுக்கு நிக்கமாட்டன் எண்டு நான்தான் சொன்னனான். 'அப்ப சேலை ஓரமாவது வரட்டும் மாமி' எண்டு கமராவைத் தள்ளி வைச்சவர். சம்பந்தி வீட்டில கதை வரும், ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு அவரிட்டச் சத்தியம் வாங்கினதும் நான்தான்."

அந்தச் சத்தியத்துக்காகவா பேசாமல் போனாய்?

கிராண்ட்பாஸ் அம்மா நான் வெட்டிய படத்துக்கு இன்றும் விளக்கு வைக்கிறா. என்னைக் கண்டால் கும்பிடுகிறா. ஆகவே வெட்டலாமா, கூடாதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ இருந்தால் இன்னொரு தரம் சண்டை பிடித்துப் பார்க்கலாம். நானே தோற்றாலும் பரவாயில்லை. ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்னது பிழை. அது மட்டும் தெரியும்.

அன்று கேட்ட நாலு பேரில் ஒருவர் புதுக்கடைக் கோட்டில் கிளாக்கர், ஒருவர் பக்கத்துத் தெரு. மற்ற இருவரும் ஊரில். இந்தப் பத்திரிகையோடு ஒவ்வொருவர் வாசலுக்கும் போய் நின்று வாசிப்பேன். உன் மகளுக்கு விளங்கும் வயது வந்ததும், அவளுக்கும் வேறு யாரும் சொல்லுமுன் நானே சொல்லுவேன்.

பவளத்தின் அண்ணனும்
உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் பிந்திப்போனவனுமான
உன் மச்சான் நாதன்