கிடங்கில் காலைச் செபம்

அக்டோபர் 14, செவ்வாய்

கணவன் இறந்தபின் செல்லம்மா இன்றுதான் வேலைக்கு வந்தாள். நான் மணி அடித்ததும், வழக்கம்போலச் சுக்கு மூட்டைகளுக்கு முன்னால் எல்லோரும் செபத்துக்கு நின்றார்கள். அவள் முன்வரிசையில் நின்றாள். எனக்கு மனம் நெகிழ்ந்தது. அவள் கணவன் முருகேசனின் பெயரைச் சொல்லி, அவன் ஆன்மாவுக்கு ஆண்டவர் இளைப்பாறுதல் தர வேண்டும் என்று உரக்கச் செபித்தேன்.

மற்றவர்கள் சுக்கு புடைக்க உட்கார்ந்ததும் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"முதலாளி, அவரு பேரை இனி அங்க சொல்லாதீங்க. நான் உங்க செபத்துல நிக்கிறேன்னு சாகுற வரைக்கும் என்னோட சண்டை போட்ட மனுஷன்."

"பின்னே ஏன் நின்னே?"

"வேலை போயிடுமோன்னுதான்."

"நிக்கணும்னு நான் சொன்னதே இல்லையே, செல்லம்மா."

"வாயால சொல்லல. பாதி செபத்துல ஒத்தைக் கண்ணைத் தொறந்து, யாரு வரலைன்னு பாப்பீங்களே. நாங்களும் ஒத்தைக் கண்ணோடதான் நிப்போம்."

புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பார்ப்பேன், உண்மைதான். யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அப்படித்தானா?

நாளை மணி அடிக்காவிட்டால், விசுவாசத்தை மறைத்தவன் ஆவேன். அடித்தால் அவள் வந்து நிற்பாள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லலாம். அதையும் நான் வைக்கும் சோதனை என்றே நினைத்து எல்லோரும் வருவார்கள்.

சற்றுமுன் கட்டிலருகே முழந்தாளிட்டேன். செபம் பாதியில் இருக்கும்போதே கண் தானாகத் திறந்து சுற்றிப் பார்த்தது. அறையில் யாரும் இல்லை.