உங்கள் பெயர் போட்ட வகுப்பு

என் வசந்தாக்காவுக்கு,

எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியவில்லை. பெருமாள் காலடியில் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இப்படி ஒட்டிக்கொண்டு திரிகிறார்களே என்று தெருவே நம் மேல் கண் வைத்தது. அது உங்கள் மேல்தான் பட்டிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர், மாமா, வேளைக்குச் சாப்பிடுகிறார். உங்கள் பிள்ளை பிரபு பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். என் காவ்யா ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவள் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்தான் என்னை இப்படி எழுத வைக்கிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம் கணக்குப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குப் பின்னம் வரவே மாட்டேங்குதும்மா. நாளைக்கு டெஸ்ட்ல கோட்டை விட்டா என்னை வசந்தாவுல போட்டுடுவாங்க."

"எதுல?"

"வசந்தா கிளாஸ்மா. மக்குப் பசங்களைப் போடுற ரூம்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. "அடியே, அது உங்க பெரியம்மா பேருடி! அவங்க ஊட்டி விட்டுச் சாப்பிட்ட வாயா இது?"

"ஐயோ, நான் பெரியம்மாவைச் சொல்லலம்மா! ஸ்கூல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. விளையாட்டுல பந்தை விட்டாக்கூட 'போடி வசந்தா'ம்பாங்க. அது ஒரு ஆளோட பேருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது."

அன்றைக்கு நான் விளக்கேற்ற மறந்துவிட்டேன், அக்கா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி மறந்ததே இல்லை.

ஞாபகம் இருக்கிறதா? நம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நீங்கள் தலைவி. கூட்டத்தில் பேசுவதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது நான். ஐந்தாவதோடு நின்று, பொட்டலம் மடித்த காகிதத்தையெல்லாம் வாசித்து வாசித்தே எழுத்து பழகியவளிடம் "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு" என்று அந்தப் புத்தகத்தைக் கொடுத்ததே நீங்கள்தான்.

பிரபு ஆறாவதில் எழுத்துக்கூட்டித் திணறியதைப் பார்த்த வேதனையில் ஒரு யோசனை சொன்னீர்கள். "வாசிக்கத் திணறுற பிள்ளைங்களைத் தினம் ஒரு மணி நேரம் தனியா உக்கார வச்சு ஒரு டீச்சர் சொல்லிக்கொடுக்கட்டும். வாசிக்க வந்ததும் அவங்கவங்க கிளாஸுக்குத் திரும்பிடணும்." எல்லா அம்மாக்களும் கைதட்டினார்கள். நீங்கள் போனபிறகு அந்த அறைக்கு உங்கள் பெயரையே வைத்தார்கள். மாமா பெயர்ப்பலகை எழுதி வாங்கித் தன் கையாலேயே மாட்டினார்.

உங்கள் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி, கழிவறைக் குழாய் மாற்றிய தேதி, டியூப்லைட் எரியாத நாள் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. அந்த அறைக்குள் மட்டும் நான் ஒரு நாளும் போகவில்லை. கதவில் உங்கள் பெயரைப் பார்த்தால் அழுகை வந்துவிடும். அதனால் படியோடு திரும்பிவிடுவேன். ஒவ்வொரு கூட்டத்திலும் "வசந்தா வகுப்பு சிறப்பாக நடக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை உள்ளே போனேன். சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குப் பக்கத்து அறை அது. இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், டீச்சர் இல்லை. கொள்ளிடக்கரைக் குடிசைகளிலிருந்து வருகிறவர்கள்தான் முக்கால்வாசி. ஜன்னலோரத்தில் ஒரு பெண் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தைச் சத்தமாக, தங்குதடையில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். பெயர் தர்ஷினி.

"இவ்வளவு நல்லா வாசிக்கிறியே, எப்பக் கத்துக்கிட்டே?"

"போன வருஷமே ஆன்ட்டி."

"அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கே?"

"யாரும் கூப்பிடல ஆன்ட்டி."

கோபத்தோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. பீரோவைத் திறந்து தீர்மானப் புத்தகத்தை என் முன்னால் விரித்தார். "ரெண்டு டீச்சர் போஸ்ட் காலியா கிடக்கு. நான் இருக்கிறதை வச்சு ஓட்டுறேன். நீங்க எழுதினபடிதானேம்மா நடத்துறோம்?"

வாசித்தேன். "வாசிக்கத் திணறும் மாணவர்களுக்குத் தனி வகுப்பு அமைப்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அவ்வளவுதான். ஒரு மணி நேரம் என்பது இல்லை. திரும்பிப் போவது என்பதும் இல்லை. நீங்கள் சொன்னதுதான் எல்லோருக்கும் தெரியுமே, இதையெல்லாம் எதற்கு எழுதுவானேன் என்று விட்டிருக்கிறேன். முத்து முத்தான கையெழுத்தில் விட்டிருக்கிறேன், அக்கா! வீட்டுக்குப் பால் எத்தனை மணிக்கு வந்தது என்றுகூட எழுதி வைக்கிற நான், இதை எப்படி விட்டேன்?

அப்புறம் பன்னிரண்டு நாள் அந்த அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறித்தேன். மூன்று நாள்தான் டீச்சர் வந்தார். வேறு எந்த வகுப்பில் ஆள் குறைந்தாலும் இவரைத்தான் இழுத்தார்கள். இவர் இல்லாதபோது இங்கே வர ஒருவரும் இல்லை. தாயார் சன்னதியில் போய் நின்றேன். என்னவென்று கேட்பது? மன்னிப்புக் கேட்க வேண்டிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்கிறார்கள்?

கூட்டம் போட்டேன். எப்போதும் வைக்கிற காலை நேரத்தை விட்டுவிட்டுச் சாயங்காலம் வைத்தேன். முதல் தடவையாகக் கொள்ளிடக்கரை அம்மாக்கள் ஆறு பேர் வந்தார்கள்.

வாசிக்க வந்த பிள்ளைகளை அவரவர் வகுப்புக்குத் திருப்பி அனுப்பலாம் என்று நான் சொன்னதும் முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "அதுங்க உள்ள வந்தா நம்ம பிள்ளைங்க படிப்பு கெட்டுடும்ங்க."

பின்னாலிருந்து தர்ஷினியின் அம்மா கேட்டாள். "என் பொண்ணு 'அது' இல்லங்க. உங்க பொண்ணு மாதிரி அவளுக்கும் ரோல் நம்பர் இருக்கு. காலையில பூக்கட்டிக் குடுக்கிற நேரமாப் பாத்துக் கூட்டம் போட்டா, எங்களுக்கு என்ன தெரியும்?"

நான் நின்று, தப்பு என் எழுத்தில்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கைகளை எண்ணினோம். நான்கு கை கூடுதலாக விழுந்து தீர்மானம் நிறைவேறியது. பெயர்ப்பலகையையும் கழற்றுவது என்று நான்தான் எழுதினேன்.

மாமாவிடம் சொன்னபோது டிவியை அணைத்தார். "அவ பேரு வெளியில இருக்கிறது அந்த ஒரு இடத்துலதாம்மா" என்றார். பிள்ளைகள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை. கோபம் தணியாவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்கும் என் மேல் கோபமா, அக்கா?

இன்று திங்கட்கிழமை. ஒன்பது பிள்ளைகள் அவரவர் வகுப்புக்குத் திரும்பினார்கள். நான் ஏழாம் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டார். தர்ஷினி என்றதும் வகுப்பே பழக்கத்தில் ஒரே குரலாக, "வசந்தா, டீச்சர்!" என்றது. இத்தனை நாளும் அவள் அந்தப் பதிவேட்டில் இருந்திருக்கிறாள். தினமும் அவளுக்குப் பதிலாக உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் எழுந்தாள். "உள்ளேன் டீச்சர்" என்றாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்து, மறுபடி ஒரு தடவை அவள் பெயரைக் கூப்பிட்டார். மறுபடியும் சொன்னாள், இந்த முறை சத்தமாக.

மிச்சம் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் இல்லை. மாதாமாதம் முதல் திங்கட்கிழமை நான் உள்ளே போய் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். வாசிக்கிற பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதன் வகுப்பில் விடுவேன். கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை அந்தப் படியோடு திரும்ப மாட்டேன்.

உங்கள் சொல்லைப் பாதியோடு விட்டவள்,
உங்கள் ஓரகத்தி
செல்வி