வன்னி வெயிலில் பட்டுக் கோட்டு

இன்று காலை கிளிநொச்சிச் சந்தையில் ஒரு நூலை எரித்துப் பார்த்தேன். வெளிநாட்டுப் பழைய உடுப்பு மூட்டைகளைப் பிரித்துக் கொட்டும் அந்தக் கடைசிக் கடைதான். கையில் அகப்பட்டது சாம்பல் நிறக் கோட்டு ஒன்று. உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி நெருப்புக் குச்சியைப் பிடித்தேன். உருகிக் குண்டுமணியாய் உருண்டால் நைலோன் வகை. தலைமயிர் கருகும் மணம் வந்து, விரலில் தேய்த்ததும் தூளாகிப் போனால் பட்டு. மணம் வந்தது. "பட்டடி!" என்று இடப்பக்கம் திரும்பினேன். அங்கே வாளி விலை கேட்டுக்கொண்டு நின்ற ஓர் அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நீ போய் இரண்டு வருடமாகிறது. திரும்புகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நீயும் நானும் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே கிழமையில். நான் வட்டக்கச்சியில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. உன் அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து பிள்ளைகளோடு வன்னிக்கு வந்து, கூலி வேலை செய்து உங்களை வளர்த்தவர். விடியற்காலையில் பாரமான பாதுகாப்பு அங்கியை மாட்டி, முகத்துக்கு மறைப்பைப் போட்டு, முழங்காலில் இருந்து மண்ணைச் சாண் சாணாகக் கிளறிப் பார்ப்போம். மத்தியானம் அங்கியைக் கழற்றினால் சட்டையைப் பிழியலாம். அப்படிப்பட்ட நாங்கள் போயும் போயும் கோட்டுச் சேர்த்தோம் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

வேலைக்கு நீளக்கைச் சட்டை தேடித்தான் அன்று சந்தைக்குப் போனோம். நீ உடுப்புக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டபடி நின்றாய்.

"எடி, இஞ்சை ஏதோ குளிராய்க் கிடக்குது."

இழுத்தெடுத்தாய். பொத்தானே இல்லாத கறுப்புக் கோட்டு, கைகள் இரண்டும் பை மாதிரி.

"உது ஜப்பான்காரற்றை உடுப்பு. ஆரும் வாங்கினம் இல்லை. விருப்பமெண்டால் கொண்டு போங்கோ, தங்கச்சி," என்றார் கடைக்காரர்.

நீ அதை உட்புறம் வெளியே வரத் திருப்பினாய். உள்துணி முழுவதும் கையால் தீட்டிய மலையும் ஏரியும், ஏரியில் ஒரு சின்ன வள்ளமும். பஸ்ஸில் வீடு வரும்வரை அதை மடியில் அப்படியே விரித்து வைத்திருந்தாய். "போட்டவனுக்கு மட்டுந்தான் இது உள்ளுக்கு இருக்கிறது தெரிஞ்சிருக்கும்," என்று இரண்டு தரம் சொன்னாய்.

அதிலிருந்து லீவு நாளெல்லாம் சந்தைதான். கிளிநொச்சி, வவுனியா, எப்போதாவது நெடுங்கேணி. தேடுவது நீ, காப்பது நான் என்று யாரும் சொல்லாமலே பிரிந்துகொண்டோம். நான் தொலைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். பொத்தானுக்குப் பதில் இரும்புப் பல் வைத்த சிப் இருந்தால் பழையது, விளிம்பைக் கையால் தைத்திருந்தால் இன்னும் பழையது, தைத்தவரின் பெயர்த்துண்டு நெய்ததா அச்சடித்ததா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டு அலுமாரியில் வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, வசம்பு போட்டு வைத்தேன். ஒரே இடத்தில் மடிப்பு விழாமல் மாதத்துக்கொரு தரம் மாற்றி மடித்தேன். அண்ணன் வாசலில் நின்று, "வன்னியில கோட்டுச் சேர்க்கிற விசரியள் ரெண்டு பேர்தான்," என்பார். நீ விடமாட்டாய். "ஓம் அண்ணை, மூண்டாவது ஆளுக்கு இடமிருக்கு, வாறீங்களோ?"

பரிஸ் கோட்டை நீ கண்டெடுத்தது வவுனியாவில். வெளிர் பொன் நிறம், கணுக்கால் வரை நீளம், அதே பட்டால் மூடிய பொத்தான்கள். கழுத்துக்குள்ளே பரிஸ் என்று நெய்த துண்டும், அதன் கீழ் யாரோ மையால் எழுதிய இலக்கமும். பெயர்போன ஒரு தையல் நிறுவனத்தில் ஒரு ஆளுக்கென்றே தைத்தது. நூறு வருடம் வரும். எந்தச் சீமாட்டியின் தோளிலிருந்து இறங்கி எப்படி எங்களிடம் வந்ததோ. அதைத் தூசு தட்டிக்கொண்டிருந்தபோதுதான் உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். "மழையில கொழுந்தெடுக்கேக்க அம்மாவுக்கு மேலுக்குப் போட ஒரு கம்பளிதான் இருந்தது. நனைஞ்சால் அது அவவை விடப் பாரம்." அந்தக் கோட்டை மட்டும் நீ இரண்டு கையாலும் தூக்குவதைப் பிறகு நான் கவனித்திருக்கிறேன்.

நாலு வருடம் நாங்கள் கிளறிய நிலம் துப்புரவாகி, காணிக்காரர்களிடம் கையளிக்கும் நாள் குறித்தார்கள். நீ அன்றே என் வீட்டுக்கு வந்தாய்.

"கோட்டுகளை எடு. எங்கடை அணிப் பெட்டையள் எல்லாரும் போடப் போறம்."

"உனக்கு விசரோ? முள்ளும் புழுதியும். வெயில் பட்டால் சாயம் வெளுத்திடும்."

"அப்ப ஆருக்கெண்டு சேர்க்கிறம்? பூச்சிக்கோ?"

"பிறகொரு நாளைக்குப் போடலாம்."

"நாலு வருசம் அந்த மண்ணில முழங்காலில இருந்தனாங்கள். ஒரு நாளைக்கு நிமிந்து நடப்பமடி."

எனக்கு மனமில்லை. ஆனாலும் அலுமாரியைத் திறந்தேன்.

ஒன்பது பெண்கள் ஒன்பது கோட்டுப் போட்டார்கள். நான் போடவில்லை, சுற்றிவைக்கும் வேட்டித் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நீ பரிஸ் கோட்டில் முன்னால் நடந்தாய். நேற்றுவரை, வெடி எல்லையைக் காட்டும் சிவப்புக் கட்டைகளுக்கு அப்பால் ஒரு கால் வைக்க முடியாத நிலம். அதில் பட்டு சரசரக்கக் கைவீசி நடந்து வந்தீர்கள். காணிக்கார அம்மா ஒருவர் வாயில் கை வைத்து, பிறகு அந்தக் கையாலேயே தட்டத் தொடங்கினார். அவருக்குக் கை காட்ட நீ கையை உயர்த்தினாய். கோட்டின் இடது தோள், கடதாசி கிழிவதுபோலக் கிழிந்தது.

ஓடி வந்து எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "உன்னை நம்பி ஒண்டும் தரேலாது. கண்டது, போட்டது, கிழிச்சது." நீ கோட்டைக் கழற்றி, நான் மடிக்கிற மாதிரியே மடித்து, என்னிடம் தந்தாய்.

இரண்டு கிழமை நாங்கள் கதைக்கவில்லை. புது நிலத்தில் அடுத்தடுத்த பாதையில், விதிப்படி இடைவெளி விட்டு, ஆளுக்கொரு துண்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் கிழமை நீ வேலைக்கு வரவில்லை. வவுனியா ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், ஈரலில் கடுமையான வருத்தமாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். நீ அதைப் பல மாதமாக எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. 'பிறகொரு நாளைக்கு' என்று நான் சொன்னபோது உனக்கு என்ன செய்திருக்கும்!

இதற்கிடையில் கிழிசலை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தேன். இழுபட்ட அடையாளமே இல்லை. துணி தானாகவே இற்றிருந்தது. அந்தக் காலத்தில் பட்டுக்குப் பாரம் கூட்ட உலோக உப்புக் கரைசலில் ஊறப்போடுவார்களாம்; வருடம் போகப் போக அதுவே இழையைத் தின்றுவிடுமாம். அலுமாரிக்குள்ளேயே வைத்திருந்தாலும் அது கிழிந்துதான் இருக்கும். கோட்டையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே இருந்து இதைச் சொன்னேன்.

"அப்ப நான் கிழிக்கேல்லை?"

"இல்லை."

"நீ பேசினது?"

"அது நான்தான் பேசினது. பிழை என்ரை."

நீ சிரித்தாய். கண் மஞ்சளாக இருந்தது, சிரிப்பு பழையதுதான். "சரி, தை. உன்ரை தையலை ஒளிக்காதை. பார்க்கிறவைக்குத் தெரியட்டும்."

பார்வையாளர் நேரத்தில் மட்டும் வந்து தைத்தேன். கிழிசலின் அடியில் மெல்லிய துணி கொடுத்து, நெல்மணி அளவுக்கு ஒரு தையலாகப் போட்டேன். சுருக்கு விழாமல் நீ கோட்டுக் கையை இழுத்துப் பிடித்துத் தந்தாய். அந்த நாட்களில் கதைத்ததுபோல் நாங்கள் ஒருபோதும் கதைக்கவில்லை. தோள் முடிந்தது. கழுத்துப் பக்கம் நாலு விரல் அகலம் இருக்கும்போது நீ போய்விட்டாய். மிச்சத்தை வீட்டில் இருந்து தைத்தேன். அந்த நாலு விரல் அகலம் மட்டும் கொஞ்சம் கோணல். பிரிக்கவில்லை.

போன மாதம் கொழும்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவரும் சேர்க்கிறவர், விஷயம் தெரிந்தவர். பரிஸ் கோட்டை மேசையில் விரித்ததும் வெகுநேரம் குனிந்தே நின்றார்.

"இதெல்லாத்தையும் என்னட்ட தந்தால் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாதுகாப்பன். இங்க இந்த வெயில்ல, புழுதியில…"

"நீங்கள் படமெடுங்கோ, அளவெடுங்கோ. இதை இனி ஒருத்தரும் போடேலாது, படுக்க வைச்சிருக்கிறன். மற்றதுகள் இஞ்சைதான் நிக்கும். இஞ்சை போடுறதுக்கு ஆக்கள் இருக்கினம்."

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, உண்மையிலேயே இருக்கிறார்கள். பக்கத்து ஒழுங்கை ரீச்சர் கலியாணப் பதிவுக்கு ஊதாக் கோட்டுப் போட்டார். அண்ணனின் மகள் பரிசு வாங்கும் மேடைக்கு ஒன்று கேட்டாள். அண்ணனே வந்து வாங்கிக்கொண்டு போனார். யார் கேட்டாலும் எந்தப் பட்டு தாங்கும், எது தாங்காது என்று பார்த்து எடுத்துக் கொடுக்கிறேன். 'பிறகு' என்று நான் இப்போது சொல்வதில்லை.

போன வெள்ளி முள்ளியவளைப் பக்கம் இன்னொரு நிலம் கையளித்தோம். நம் பெட்டைகள் போட்டார்கள். நானும் போட்டேன், முதல் தடவையாக: பச்சை நிறச் சீனப் பட்டு, பஞ்சு வைத்துத் தைத்தது, அந்த வெயிலுக்கு அடுப்பேதான். காணியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நடந்து முடித்தேன். வீட்டுக்கு வந்து நிழலில் விரித்தபோது, கோட்டின் அக்குளில் என் வேர்வை ஒரு கருவட்டமாக ஊறியிருந்தது. அதை எடுக்க எனக்கு வழி தெரியும். எடுக்காமல் மடித்து வைத்திருக்கிறேன்.