இறங்கிப்போன இடது தோள்

சோளக்காடு சந்தையில் கடை வைத்திருக்கும் தையல்காரர் இன்று ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது நாடாவைத் திரும்பவும் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க அக்கா, எடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குதுங்களே. ஏத்தித் தெச்சுச் சமம் பண்ணிரட்டுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் நடக்கப் பிடித்துப் பிடித்து இறங்கிய தோள் என்று கடையில் சொல்ல முடியுமா? நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்போதிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. என்னைக் கட்டியவர் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

தொண்ணூற்றெட்டில், மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுவில் கால் வைத்து, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்தீர்கள். மூங்கில் சுழன்றதும் கீழே குதித்தீர்கள். இடது முட்டி திருகிக்கொண்டது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து எலும்பு உடையவில்லை என்றார்கள். அந்தச் சொல்தான் நம்மைக் கெடுத்தது. எலும்பு உடையாவிட்டால் காலுக்கு ஒன்றுமில்லை என்பதுதானே மலையில் எல்லோருக்கும் நினைப்பு. முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுப் போட்டோம். வீக்கம் வற்றியதோ இல்லையோ, மூங்கிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று கத்தினேன். என் பேச்சு உங்கள் காதில் ஏறினால்தானே! பாதி மரத்தில் முட்டி நழுவிற்று.

அப்புறம்தான் சேலத்துக்குப் போனோம். "எலும்பு ரெண்டையும் புடிச்சுக் கட்டற ஜவ்வு அந்துருச்சுங்க. ஆபரேஷன் பண்ணிக்கலாம். இல்லைன்னா பயிற்சி செஞ்சு தொடைய பலப்படுத்தணும். மரம் மட்டும் ஏறவே கூடாது" என்றார் டாக்டர். உங்களுக்குக் கடைசிப் பேச்சு மட்டும்தான் கேட்டது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறியபோதெல்லாம் ஜன்னல் வழியே மிளகு மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். வீட்டுக்கு வந்து, "மரம் ஏறாத ஆம்பளைக்கு மொளகுக் கொடி எதுக்கு புள்ள?" என்று கேட்டீர்கள்.

கத்திக்குப் பயந்தீர்கள். அதனால் ராகியைப் பையில் கட்டிக் கணுக்காலில் மாட்டி, காலைத் தூக்கி இறக்கினீர்கள். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. அடுத்த வீட்டில் இருக்கும் உங்கள் தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாது என்றீர்கள். தொடை தேறியது. சமதரையில் நன்றாகவே நடந்தீர்கள். இறக்கம் வந்தால்தான் வம்பு. முட்டி எந்த நேரம் வழுக்கும் என்று தெரியாது. வழுக்கினால் குனிந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவதுபோல உட்கார்ந்துகொள்வீர்கள். வெயில் காலத்தில் ஏது அட்டை? எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்?

நம் ஒற்றையடிப் பாதையில் ஆண்கள் முன்னால் போவார்கள், சுமையோடு பெண்கள் பின்னால் வருவார்கள். நமக்கு மட்டும் அது மாறிப்போனது. நான் முன்னால், என் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பின்னால். சோளக்காட்டுச் சந்தை கண்ணுக்குத் தெரியும் திருப்பம் வந்தால் கையை எடுத்துவிடுவீர்கள். அந்த இடம் வந்தாலே நான் நடையைக் குறைத்துக்கொள்வேன்.

ஒரு சந்தை நாள், மழை பெய்து மண் வழுவழுவென்றிருந்தது. "இன்னிக்கி மட்டும் புடிச்சுக்கங்க" என்று கெஞ்சினேன். "சும்மா வா புள்ள" என்று கையை எடுத்தீர்கள். பத்தடி போவதற்குள் சந்தைக்கு முன்னால் தடாலென்று விழுந்தீர்கள். ஓடிவந்து தூக்கிய பலாப்பழக்காரர், "என்னுங்க, காலையிலேயே ஊத்திட்டீங்களா?" என்றார். நீங்களும் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, கொஞ்சம் அதிகமாயிருச்சு" என்றீர்கள். ஒரு சொட்டுக் குடித்தறியாத மனுஷன்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் பாதையிலேயே நின்று அழுதேன். "குடிகாரன் பொண்டாட்டின்னு எனக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டீங்களே, இது நல்லா இருக்குதுங்களா?" என்றேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நொண்டிங்கறதுக்கு அது தேவல புள்ள" என்றீர்கள். அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த சந்தைக்கு அந்தத் திருப்பம் வந்தது. கை விலகுமென்று நடையைக் குறைத்தேன். விலகவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தீர்கள், எலும்பு வலித்தது. சந்தையே திரும்பிப் பார்த்தது. "என்னுங்க, இன்னிக்குமா?" என்றார் அதே பலாப்பழக்காரர். "இல்லீங்க. அன்னிக்கும் நான் குடிக்கல. முட்டி நிக்க மாட்டீங்குது, இவளப் புடிச்சுக்கலைன்னா உளுந்துருவேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு மூங்கிலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்த கையோடு தோட்டத்துக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் உங்களைக் கூப்பிட வரவில்லை.

மாரடைப்பு வந்து நீங்கள் போகிறவரைக்கும் அந்தக் கை என் தோளில்தான் இருந்தது. இப்போது தனியாகத்தான் இறங்குகிறேன். பின்னால் காலடி கேட்கிறதா என்று காது தானாகப் போகிறது. கேட்காது என்று தெரிந்தும் பயமாக இருக்கிறது, நீங்கள் எங்கோ விழுந்து கிடப்பதுபோல. இறக்கம் வந்தால் தோள் தானே தாழ்ந்துகொள்கிறது. நிமிர்த்திப் பார்த்தேன், நடை தடுமாறுகிறது.

காலையில் தையல்காரரிடம் போகிறேன். ஏற்ற வேண்டாம், இருக்கிற அளவுக்கே தைத்துக் கொடுங்கள் என்று சொல்லப் போகிறேன்.